விலாசம் போடாத அரிசி

உதவி கேட்டு யாராவது படியேறினால் ஏகாம்பரம் செட்டியார் முதலில் விசிறியைக் கீழே வைத்துவிடுவார். விசிறிக்கொண்டே பேச்சுக் கேட்டால் காது பாதிதான் வேலை செய்யும் என்பது அவர் கட்சி. "எம்புட்டு வேணுங்கிறதப் பெறகு பேசிக்கலாம். என்ன செய்யப் போறீங்க, கூட யாரு யாரு நிக்கிறா, அத மொதல்ல சொல்லுங்க" என்பார். கோபுரத் திருப்பணிக்கு வந்தவர்களுக்கும் இதே கேள்விதான், சங்கம் வைக்க வந்தவர்களுக்கும் இதே கேள்விதான். முன்னவர்களுக்குக் கோபம் வந்துவிடும். பின்னவர்கள் உட்கார்ந்து விடிய விடியப் பேசத் தயாராக இருப்பார்கள்.

சொந்த ஊர் திருமயத்துப் பக்கம். அரிசி மண்டி புதுக்கோட்டையில், குடியிருப்பும் அதன் பின்கட்டிலேயே. அறுபதைத் தொட்டுவிட்ட மெலிந்த உடம்பு. மடியில் எப்போதும் அவித்த கடலை. அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்தே எந்த ஊர் நெல் என்று சொல்லிவிடுவார் என்று கடைவீதியில் ஒரு பெயர் உண்டு. சொல்வதில் பாதி தப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

அவர்கள் வீட்டில் விலாசம் இல்லாத பொருளே கிடையாது. விலாசம் என்றால் தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகள். சாக்கில் கறுப்பு மையிலும், அண்டாவில், குத்துவிளக்கில், கரண்டிக் காம்பில் உளியாலும் அது ஏறியிருக்கும். பூனைக்குப் பால் வைக்கிற கிண்ணத்தில்கூட உண்டு. "பூனைமேலதான் இன்னும் வெட்டல" என்று கேலி செய்வார் அவர் மனைவி ஆவுடையாள் ஆச்சி. அந்த விலாசம்தான் செட்டியாரை ஒரு தடவை காலை வாரிவிட்டது.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த புதிது. கறம்பக்குடிக்கு அப்பால் ஒரு சிற்றூர். அங்கே ஊருணியில் சேரிக்காரர்கள் இறங்கக் கூடாது. கரையில் குடத்தோடு காத்து நின்று, யாராவது மனமிரங்கி மொண்டு ஊற்றினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. சட்டம் எல்லோருக்கும் உரிமை தந்திருந்தது; ஆனால் அந்தச் சட்டத்தை ஊருணிக் கரைவரை யாரும் கூட்டிப் போகவில்லை. செவந்தி என்ற நடவுக்காரப் பெண் மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இனி நாங்களே இறங்கி மொள்ளுவோம் என்று சொல்லிவிட்டாள். மறுநாளே நிலக்காரர்கள் சேரிக்கு வேலை இல்லை என்றார்கள். வேலை இல்லையென்றால் கூலி நெல் இல்லை. வயிறு காய்ந்தால் தானாக வழிக்கு வருவார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

சங்கத்துக்காரர் பிச்சைமுத்து அவளை மண்டிக்குக் கூட்டி வந்தார். செட்டியார் விசிறியை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். மனம் இளகிப் போயிற்று. "ஒங்க தெருவுக்குள்ளயே ஒரு கெணறு வெட்டித் தாரேன். யாரையும் கெஞ்ச வேணாம்" என்றார். பரம்பரையாகக் கிணறும் சத்திரமும் கல்வெட்டுமாகக் கொடுத்தே பழகிய கை அது.

செவந்தி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "கெணறு வந்துட்டா, அதான் கெணறு இருக்கே, இங்கிட்டு ஏன் வாரீங்கன்னு கேப்பாங்க அய்யா. தாகம் தீரும். நாங்க கரையிலயே நிப்போம்."

செட்டியாருக்குச் சுருக்கென்றது. அவர் கொடுப்பதாகச் சொல்லி யாரும் வேண்டாம் என்றதில்லை. "வேற என்னதான் வேணும்?" என்று கேட்டார்.

"அறுப்பு வரைக்கும் கஞ்சிக்கு அரிசி. அப்ப ஆளு இல்லாம அவுங்களுக்கும் ஆகாது. அதுவரைக்கும் அடுப்பெரிஞ்சாப் போதும்."

அரிசி போயிற்று. கூடவே, கஞ்சி காய்ச்ச ஒரு பெரிய அண்டாவையும் ஆசை ஆசையாக ஏற்றி அனுப்பினார். வந்தது வினை. அண்டாவின் கழுத்திலும் சாக்கிலும் இருந்த எழுத்துகளைக் காட்டி, இது செட்டி ஏவிவிட்ட கூட்டம், நெல்லை அடிமாட்டு விலைக்கு அடிக்கப் பார்க்கிறான் என்று நிலக்காரர்கள் ஊர் பூராவும் பேசினார்கள். சேரியிலேயே சிலர் நம்பிப் பிரிந்து போனார்கள். செவந்தி அண்டாவை மாட்டு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வாசலில் அண்டா இறங்கியதும் செட்டியார் கொதித்தார். "குடுத்தவன் பேரு குடுத்த சாமான்ல இருந்தா என்னங்கிறேன்?"

"ஒங்க பேருக்காகவா அவ பட்டினி கெடக்கா?" என்று கேட்டுவிட்டு ஆச்சி உள்ளே போய்விட்டார்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, சாக்குகளை உள்புறம் வெளியே வரும்படி புரட்டி, அரிசியைக் கொட்டி, கோணி ஊசியால் தாமே வாயைத் தைத்தார். அண்டாவுக்குப் பதிலாகச் சந்தையில் மண்பானை வாங்கிப் போட்டார். யார் எவ்வளவு தின்றார்கள், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிலக்காரர்கள் தங்கள் நெல்லை வேறு மண்டிக்குத் திருப்பினார்கள். பங்காளிகள் வந்து, பிழைக்கத் தெரியாதவன் என்று ஏசிவிட்டுப் போனார்கள். மண்டி பாதி காலியாகக் கிடந்தது. சேரிக்குப் போகிற அரிசி மட்டும் நிற்கவில்லை.

இப்போது அந்த ஊருணிக்குப் படிக்கட்டு வந்துவிட்டது. எல்லாத் தெருக் குடமும் அதில்தான் முங்குகிறது. அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் செட்டியார் முகம் மலர்ந்துவிடும். பஸ் கூரையில் மூட்டை ஏற்றியது, மழையில் நனைந்து அரிசி கட்டி தட்டியது, அதையும் சேரியில் காய்ச்சிக் குடித்தது என்று கடலையை உரித்தபடி சொல்லிக்கொண்டே போவார். அந்த நாட்கள் போய்விட்டனவே என்ற ஏக்கம் குரலில் நன்றாகவே தெரியும். பெண்கள் ஊருணியில் இறங்கிய நாளைக் கேட்டால் மட்டும் பேச்சு மெதுவாகும்.

அப்போது அறுப்பு தொடங்கப் போகிற சமயம். அன்று விடிந்ததும் சலவை வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டுப் புறப்பட்டு நின்றார். கரையில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று அத்தனை ஆசை. பிச்சைமுத்து வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "செவந்தி ஒங்கள வர வேணாம்னு சொல்லச் சொல்லுச்சுங்க. நீங்க நின்னா, நீங்க எறக்கிவிட்டதா ஆயிருமாம்." செட்டியார் அங்கவஸ்திரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அரிசி குடுத்தது ஒண்ணும் பெரிசில்ல. அன்னைக்குப் போகாம இருந்தேன் பாருங்க, அதான் கஷ்டம்" என்று இப்போதும் சொல்வார்.

அன்று பகல் முழுக்க ஒவ்வொரு கறம்பக்குடி பஸ்ஸுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கல் விழுந்ததாக ஒருவன் சொன்னான். போலீஸ் வந்ததாக இன்னொருவன் சொன்னான். பொழுது சாயும்போது செவந்தியே வந்தாள். நெற்றிக் காயத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. இடுப்பில் ஊருணித் தண்ணீரோடு ஒரு சிறு குடம். மண்டிக்கு முன்னால், தெருவிலேயே நின்றுகொண்டாள்.

"எறங்கிட்டோம் அய்யா" என்றாள்.

தண்ணீரை வாங்க ஆச்சி செம்பு எடுக்க உள்ளே திரும்பினார். செட்டியார் அதற்குக் காத்திருக்கவில்லை. கடைவீதி பார்த்திருக்கப் படியிறங்கித் தெருவுக்கு வந்து, அவளுக்கு முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகில் வைத்துக்கொண்டார்.

"ஊத்து ஆத்தா."