போர்வை கேட்க ஒரு விண்ணப்பம்

என் வீட்டுக்காரர் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. அவர் எழுதும் இங்கிலீஷ் டிராஃப்டில் மேலதிகாரிகூடக் கை வைக்க மாட்டார் என்று சங்கரன்கோவில் முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிவார். குருவிகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக இங்கிலீஷ் நடத்துகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

போன தை மாதம் மகள் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தனியாக டெல்லிக்குப் போனாள். "ஓட்டல்ல எது கேக்கதா இருந்தாலும் எனக்கு ஒரு போனைப் போடு. நான் வாசகம் சொல்லுதேன்" என்று ரயிலடியில் உத்தரவு போட்டுத்தான் அனுப்பினார்.

போய் இறங்கிய அன்று சாயங்காலமே போன் வந்தது. தொண்டை கட்டியிருந்தது. குளிர் தாங்கவில்லை என்றாள். விடிந்தால் இன்டர்வியூ. இன்னொரு போர்வை வேண்டும், எப்படிக் கேட்பது? அவ்வளவுதான் விஷயம்.

இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை எடுத்து உட்கார்ந்தார். "வித் ட்யூ ரெஸ்பெக்ட், ஐ ஆம் டு ஸ்டேட் தட்" என்று ஆரம்பித்தார். அறை எண், வந்து சேர்ந்த தேதி, ஏற்கெனவே வழங்கப்பட்ட போர்வை போதாமல் போன விவரம் எல்லாம் வரிசையாக வந்தன. 'கைண்ட்லி' இரண்டு இடத்தில் விழுந்துவிட்டதாம், ஒன்றை அடித்தார். புதுப் போர்வை மூன்றாவது வாக்கியத்தில்தான் தலைகாட்டியது. இதைக் கேட்கிற ரிசப்ஷன்காரர் போர்வை தருவாரா, மூன்று நகல் எடுத்துவரச் சொல்வாரா?

"ஏட்டி, எழுதிக்கிட்டியா? திருப்பி வாசி, பாப்போம்."

அங்கே பிள்ளை இருமுகிறாள். இங்கே இவர் கமாவைத் திருத்துகிறார். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் எப்படிக் குப்பை கொட்டினேன் என்று ஆத்திரமாக வந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

"ஏட்டி, அப்பா சொன்னதையெல்லாம் தூக்கிப் போடு. 'கேன் ஐ ஹேவ் அனதர் பிளாங்கெட், ப்ளீஸ்'னு கேளு. போதும்."

அவள் மெதுவாகச் சிரித்தாள். "அப்படித்தாம்மா கேட்டேன். உடனே கொண்டாந்து தந்துட்டாங்க. போத்திக்கிட்டுதான் பேசுதேன்."

"பின்ன எதுக்கு போன் போட்ட?"

"கேக்காம இருந்தா அப்பா கோவிச்சுக்கிடுவாங்கல்லா. நீ சொல்லிராதம்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிலீஷை என்னிடம் படித்தாள், சரி. அவர் முன்னால் ஒன்றும் தெரியாதவள் போலத் தலையாட்டுவதையும் என்னிடம்தான் படித்திருக்கிறாள்.