பில் இல்லாத பிளாப்பிகள்

எங்கள் சித்திக்கு ஒரே பிடிவாதம்தான்: ஷிப்ட் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிட வேண்டும். ஓசூர் சிப்காட்டில் பம்பு செய்யும் தொழிற்சாலையில் வருகைப் பதிவேடு பார்ப்பது அவளுடைய வேலை. தொண்ணூறுகளின் நடுவில், எங்கோ கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்து, ஒரு வருடம் மாலை தவறாமல் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினாள். சின்னப் பட்டறைகளில் யார் வந்தார்கள், யாருக்கு எந்த ஷிப்ட் என்று அது பட்டியல் போட்டுக் காட்டும். மூன்று பட்டறைகள் வாங்கின. இன்னும் பத்துப் பேர் வாங்கிவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

எனக்குப் பதினொரு வயது. வீட்டில் சித்திக்கு அடுத்தபடி கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான்தான் என்ற கர்வம் வேறு. என் வகுப்புத் தோழியின் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். அவள் கேட்டதும் சித்தியின் புரோகிராம் இருந்த பிளாப்பி டிஸ்க்கைக் காப்பி எடுத்துக் கொடுத்தேன். எடுத்தது எடுத்த இடத்திலேயே இருந்ததால், அதைத் திருட்டு என்று நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து சித்தி புதுப் பட்டறைகளுக்குப் போனபோது, போன இடமெல்லாம் அவளுடைய புரோகிராமே ஓடிக்கொண்டிருந்தது. முதல் திரையில் அவள் தப்பாக எழுதிய ஆங்கில வார்த்தைகூட அப்படியே இருந்தது. யார் கொடுத்தது என்று அவள் விடாமல் விசாரித்தாள். ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை மொபெட்டின் பின்சீட்டில் நானும் உற்சாகமாகத் துப்பறிந்தேன், வண்டி என் தோழி வீட்டுப் பட்டறை வாசலில் நிற்கும்வரை.

"இது நான் எழுதினதுங்க. புத்தகம் மாதிரிதான் இதுவும். கேக்காம காப்பி எடுத்தா சட்டப்படி தப்பு" என்றாள் சித்தி.

தோழியின் அப்பா கன்னடம் கலந்த தமிழில் பதறிப்போய்ச் சொன்னார். "அய்யோ, திருட்டு எல்லாம் இல்லம்மா! உங்க பாப்பாவே கொடுத்துச்சு. கேளுங்க."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் லேத்தில் சுருண்டு கிடந்த இரும்புச் சீவலைப் பார்த்தேன்.

அவர் அதோடு விடவில்லை. குத்திக்காட்டுவதற்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று இப்போதும் நம்புகிறேன். "பேஜார் பண்ணிக்காதீங்க. ஆனா இதை எழுதறதுக்கு ஒரு சாப்ட்வேர் வேணும் இல்லவா? அதுக்கு நீங்க பில் வெச்சிருக்கீங்களா?"

பெங்களூரில் ஒரு தெரிந்த பையன் கொடுத்த காப்பி அது. சித்தி மொபெட்டைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பில் இல்லாத ஒவ்வொன்றையும் அழித்தாள். அம்மா ஓடிவந்து தடுத்தாள். "அடியே, இத அழிச்சிட்டா எதுல எழுதுவ? ஊர்ல எல்லாருந்தான் வெச்சிருக்காங்க!"

"அவங்க வெச்சிருக்கட்டும். நான் போய் ஒருத்தர கேக்கணும்னா எங்கிட்ட இருக்கக் கூடாது."

மறுநாள் முதல் ஓவர்டைமும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். இரண்டு வருடம் ஷிப்ட் பஸ்ஸில் போய்வந்த பிறகு, பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியும் பில்லுமாக அந்த சாப்ட்வேரை வாங்கிவந்தாள். புரோகிராமை முதலிலிருந்து எழுதி, நேராக அதே லேத் பட்டறைக்குப் போனாள். அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் வேலையை விட்டாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சித்தி என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அழித்துக்கொண்டே வந்தவள் கடைசியாக என் கார் பந்தய விளையாட்டையும் அழித்தாள். அதற்காகத்தான் நான் தரையில் புரண்டு அழுதேன். அவள் எழுந்துவந்து, என்னை மடியில் போட்டு வெகுநேரம் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.