கஞ்சி போட்ட துணி

விண்ணரசிக்கு வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க வேண்டுமென்றாலும் இடது கைதான். யாராவது பரிதாபப்பட்டுக் கேட்டால் "பீரோ கதவுல மாட்டிக்கிச்சு" என்பாள். பொய் இல்லை. ஆனால் எந்தக் கதவும் தானாக வந்து ஒருத்தி கையை நசுக்குவதில்லை.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே நாலு மைலில் அவள் ஊர். அப்பா லூர்துராஜ் ஆறு மா நிலம் குத்தகைக்கு வைத்திருந்தார். அவளுக்குப் பத்தொன்பது வயதில், ஒரு குறுவைப் பருவத்தில், மேல்மடைக்காரன் வாய்க்காலை அடைத்துவிட்டான். அப்பா போய்த் திறந்தார். அவன் அவரைத் தடியால் அடித்துச் சேற்றில் தள்ளி, எழுந்திருக்க விடாமல் கழுத்தில் காலை வைத்து அழுத்தினான். மன்னார்குடிக் கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்த விண்ணரசி புத்தகங்களை வரப்பில் வீசிவிட்டு, கிடந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவன் முழங்காலில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வயலில் களை எடுத்தவர்களுக்கும் கேட்டதாம்.

பஞ்சாயத்தில் பெரியவர்கள் இழுத்துப் பேசி, பெண்பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள் என்று முடிக்கப் பார்த்தார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சுதான் அடிச்சேன். எழுதிக்குங்க. எங்கப்பா கழுத்துல யாரு கால வச்சாங்கன்னு அதையும் சேத்து எழுதுங்க."

இதுதான் விண்ணரசி. பாதியை மட்டும் எழுதுவது அவளுக்கு ஆகாது.

அப்பா அந்த அடியிலிருந்து எழவே இல்லை; இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார். அம்மா அமிர்தமும் தம்பி கிளாட்சனும் அவள் தலையில் விழுந்தார்கள். தம்பி அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பிறகு சம்பாதித்துப் படிக்கவும் வைத்தாள். தனக்கு வந்த வரன்களை அவன் தலையெடுக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் வரன் வருவதே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை.

ரசாயனம் படித்ததற்கு வேலை கிடைத்தது. கடற்கரை ஊர் ஒன்றின் சுங்க அலுவலகத்தில், துணியைச் சோதிக்கும் சின்ன அறை அவள் பொறுப்பு. தொண்ணூறுகளின் நடுவில் இறக்குமதிக்குக் கதவு திறந்துவிட்ட காலம். வெளிநாட்டுத் துணி பேல் பேலாக வந்து இறங்கியது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் எந்த இழை எடை கூடுதலோ அந்த இனத்தில்தான் துணியைச் சேர்க்க வேண்டும். பருத்தி என்றால் தீர்வை குறைவு, பாலியஸ்டர் என்றால் ஏறிவிடும். அவள் துண்டு வெட்டி, எடை போட்டு, கந்தக அமிலத்தில் போடுவாள். பருத்தி கரைந்துவிடும், பாலியஸ்டர் அப்படியே கிடக்கும். மிஞ்சியதை அலசி, உலர்த்தி, மறுபடி எடை போட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

கிளாட்சனுக்கு மன்னார்குடி ஜவுளி வியாபாரி தியாகேசனிடம் வேலை. தியாகேசனுக்கு வரும் பேல்களை வைக்கும் குடோன் சாவி அவனிடம்தான்; சோதனைக்கு எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். சிங்கப்பூருக்கு வேலை விசா வாங்கித் தருகிறேன் என்று தியாகேசன் அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார். வீட்டில் அந்த விசாவைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அம்மா வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் தியாகேசனின் பேலிலிருந்து வந்த துண்டு விறைப்பாக இருந்தது. விண்ணரசி அதை முகர்ந்து பார்த்தாள். புழுங்கல் அரிசிக் கஞ்சி. ஓரத்தில் ஒரு உமி கூட ஒட்டியிருந்தது. கடல் தாண்டி வந்த மில் துணிக்கு எவன் புழுங்கல் அரிசி வடித்த கஞ்சியைப் போடுவான்? ஒரு சொட்டு அயோடின் விட்டாள். துணி கருநீலமாகிவிட்டது.

புரிந்துவிட்டது. அமிலத்தில் பருத்தியோடு கஞ்சியும் போய்விடும். போனதெல்லாம் பருத்தி என்று எண்ணப்படும். அப்படியே சோதித்தால் பருத்தி நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. கொதிக்க வைத்து, கஞ்சியை அலசி எடுத்துவிட்டுச் சோதித்தால் நாற்பத்திரண்டு. பத்துப் பங்கை நம்மூர் நெல்லே தூக்கி விட்டிருந்தது. குடோன் சாவி யாரிடம் இருந்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் கிளாட்சன் சோதனை அறைக்கு வந்தபோது நேராகவே கேட்டாள்.

"துண்டு வெட்டின பேலுக்குக் கஞ்சி போட்டது நீயாடா?"

"எல்லாரும் செய்யறதுதான்க்கா. உனக்கு முன்னாடி இருந்தவரு அலசியா பாத்தாரு? அம்பத்திரண்டுன்னு எழுதிட்டு விடேன்."

"நாப்பத்திரண்டுதான்டா வருது."

"எழுதினா என்னைப் புடிச்சு உள்ள போடுவாங்க. என் வாழ்க்கை போயிரும்க்கா."

அவன் பால்பல் விழுந்தபோது அதைக் கூரைமேல் எறிந்தவள் அவள்தான். ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்பத்திரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இரும்பு பீரோவில் வைத்தாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கிளாட்சன் திரும்பி வந்தான். கூட மருதையன், தியாகேசனின் ஆள். கை வைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டான்.

"பேப்பர எடுங்க மேடம். வேற எழுதிக் குடுங்க."

"எழுதியாச்சு. போங்க வெளிய."

மருதையன் ஓங்கி ஒரு அறை விட்டான். அவள் மேசையில் மோதி விழுந்தாள். தராசு கீழே விழுந்து நொறுங்கியது. அவன் பீரோவைத் திறந்து காகிதத்தைத் தேட, அவள் எழுந்து உள்ளே கையை விட்டு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் கதவை அறைந்து சாத்தினான்.

முதல் அடியில் விரல் நகங்கள் பெயர்ந்தன. அவள் அலறிக்கொண்டு கையை இழுத்தாள். கை வரவில்லை. மணிக்கட்டை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உள்ளே அழுத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். கிளாட்சன்.

"விட்டுடுக்கா. பேப்பர விட்டுடு" என்று அழுதுகொண்டே பிடித்திருந்தான். அழுதான், ஆனால் விடவில்லை. இரண்டாவது முறை கதவு அறைந்தது. மூன்றாவது முறை எலும்பு நொறுங்கியது.

அவள் இடது கைக்கு மேசையில் அமிலக் குவளை எட்டியது. தம்பியின் முகம் ஒரு முழத்தில் இருந்தது, கண்ணீரும் சளியுமாக. அவள் குவளையை மருதையன் கால்களில் கொட்டினாள். அவன் போட்ட கூச்சல் ரோட்டு வரை கேட்டு ஆட்கள் ஓடிவந்து கதவை உடைத்தார்கள். கிளாட்சன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டான். நொறுங்கிய கையில் காகிதம் இன்னும் இருந்தது. ரத்தத்தில் பாதி அழிந்திருந்தாலும் நாற்பத்திரண்டு தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"மருதையன் பேரச் சொல்லு, தியாகேசன் பேரச் சொல்லு. தம்பி பேர மட்டும் விட்டுடுடி. பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்துடுச்சு, நாளைக்கு ப்ளேன் ஏறிப் போயிடுவான்."

"அவன்தாம்மா என் கையப் புடிச்சுக்கிட்டான்."

அமிர்தம் மகளின் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடித்த கையாலேயே ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்து வாக்குமூலம் எழுதினார்.

"முதல் எதிரி மருதையன். சரி. அனுப்பினது தியாகேசன். கூட வேற யாராவது இருந்தாங்களாம்மா?"

அம்மாவின் உதடுகள் ஜெபத்தை விட்டுவிட்டு அசையாமல் நின்றன. விண்ணரசி அவளைப் பார்க்கவில்லை.

"என் தம்பி கிளாட்சன் சார். அவன் பேர முதல்ல எழுதுங்க."

"கதவ சாத்தினது மருதையன்தானம்மா?"

"மூணு தடவ சாத்தினான் சார். மொத தடவயோட நான் கைய எடுத்திருப்பேன். எடுக்க விடாம புடிச்சது என் தம்பி. ஒண்ணு மருதையன் அடிச்சது, ரெண்டு என் தம்பி அடிச்சது. எது கூடுதலோ அதுதானே சார் முதல்ல வரணும்?"

இன்ஸ்பெக்டர் முதல் எதிரியின் பேரை அடித்துத் திருத்தி எழுதினார். கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டியவர், கட்டைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைத் திறந்தார். பி.எஸ்ஸி. படித்தவள் வாழ்க்கையில் முதல் தடவையாக இடது பெருவிரலை மையில் வைத்துக் கைநாட்டு வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.