பின்பலகைக்குள் ஈரம்

பேய்க்கதை என்றால் நடுராத்திரி வேண்டும், கரண்ட் போக வேண்டும், எங்கேயோ ஒரு நாய் ஊளையிட வேண்டும். எனக்கு நடந்ததில் இது எதுவுமே இல்லை. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மண்டையைப் பிளக்கிற வெயில். தகரக் கூரை போட்ட கொட்டகை. பக்கத்துக் கொட்டகையில் வெல்டர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பயப்படுவதற்குத் தோதான நேரமே இல்லை. ஆனால் நடந்தது. நான் கதை கட்டுகிறவள் இல்லை. படகுகளுக்கு ஒயர் இழுத்து, விளக்கும் கருவிகளும் மாட்டுகிறவள். பதினாறு வருடமாக இதே தொழில். நம்பாதவர்கள் அந்தப் படகை வந்து பார்க்கலாம். அதற்குப்பின் அது இன்றுவரை தண்ணீரில் இறங்கவில்லை.

படகு எங்களுடையதுதான். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடமாக அடுத்தவர் படகை ஓட்டிக்கொண்டிருந்தவர். சொந்தமாக ஒன்று வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒருவழியாக ஒரு பழைய ஃபைபர் படகு அமைந்தது. முன்பக்கம் ஒரு சின்ன அறை, பின்பக்கம் உட்காரும் பெட்டி. தூண்டில் போட ஆசைப்படுகிற ஆட்களைக் கடலுக்கு அழைத்துப் போகலாம் என்று திட்டம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் படகைச் சோதித்து அனுமதி கொடுக்கிற ஆய்வாளர் வருவார். அவர் கையெழுத்துப் போட்டால் இந்த சீசன் எங்களுக்கு. விட்டால், அவர் திரும்ப வர மூன்று மாதம். சீசனே முடிந்திருக்கும். இந்த மனுஷனோ, 'எல்லாம் ஆச்சு' என்று வேலையையும் விட்டுவிட்டு வந்து நின்றார்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கடலின் ஆழம் காட்டும் கருவிக்குப் பின்பலகையில் ஒரு சென்சார் மாட்ட வேண்டும். பின்பலகை என்றால் படகின் முதுகுச் சுவர். என்ஜின் தொங்குவதே அதில்தான். வெளியே ஃபைபர், உள்ளே ஃபைபர், நடுவில் இரண்டு அங்குல ப்ளைவுட். அதன் அடிப்பக்கத்தில் இரண்டு சின்னத் துளை. அரை மணி நேர வேலை. டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் டிரில்லை எடுத்தேன்.

முதலில் வெள்ளைத் தூள் வந்தது. அது ஃபைபர். அடுத்து மரத்தூள் வர வேண்டும். உலர்ந்து, பொன்னிறமாக, ஊதினால் பறக்கிற மாதிரி.

வந்தது கறுப்புக் களி.

டிரில்லை வெளியே இழுத்தேன். பிட் முழுக்க ஈரம். துளையின் கீழ் உதட்டில் ஒரு சொட்டு திரண்டு, நின்று, வழிந்தது.

எனக்கு வந்தது பயம் இல்லை. ஆத்திரம். பின்பலகைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றால் மரம் மக்கிவிட்டது என்று அர்த்தம். மொத்தத்தையும் வெட்டி எடுத்துப் புதுசு வைக்க வேண்டும். ஆறு வாரம் ஆகும். எங்களுக்கு இருப்பதோ இரண்டு நாள்.

"என்னாச்சு?" படகுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரின் தலை எட்டிப் பார்த்தது.

"ஈரம்."

"எங்க?"

"பலகைக்குள்ள. சொதசொதன்னு இருக்கு."

"ரெண்டு வருஷமா கொட்டகையில காயுது. மழைகூடப் படல. எங்கேர்ந்து ஈரம் வரும்?"

"அதை என்கிட்ட கேட்டா? நானா தண்ணி ஊத்தி வச்சேன்?"

அவர் பின்பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பலகையின் மறுபக்கம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. தூசி, ஒரு சிலந்தி வலை, அவ்வளவுதான். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

நான்கு விரல்கடை தள்ளி இன்னொரு துளை போட்டேன். உலர்ந்த தூள். இடது பக்கம் போட்டேன். உலர்ந்த தூள். மேலே, கீழே… பொன்னிறத் தூள் காற்றில் பறந்தது. புத்தம்புது மரம் மாதிரி இருந்தது. முதல் துளையில் மட்டும் தண்ணீர். ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் தண்ணீர் எப்படி வரும்? வந்த வழியும் இல்லை, போகிற வழியும் இல்லை.

சூடான காற்றை ஊதுகிற ஹீட் கன்னை எடுத்து நாற்பது நிமிடம் சூடு காட்டினேன். ஈரம் பார்க்கும் மீட்டர் ஆறு காட்டியது. அப்பளம் மாதிரிக் காய்ந்துவிட்டது. அடைப்பதற்குப் பசையைக் குழைத்துவிட்டுத் திரும்பினேன்.

சொட்டு திரண்டு நின்றது.

துடைத்தேன். காய வைத்தேன். திரும்ப வந்தது. துடைத்தேன். ஆறு தடவை. கடைசியில் எரிச்சல் தாங்காமல் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடல் தண்ணீர் உப்புக் கரிக்கும். இதில் எந்த ருசியும் இல்லை. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. ஹீட் கன் சூடுதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ராத்திரி முழுக்க ஒரு பல்பை எரியவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். புதன் காலை வந்து பார்த்தால் சுத்தமாகக் காய்ந்திருந்தது.

"பாத்தியா? நீதான் ஊரைக் கூட்டின" என்றார் அவர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. மக்கிய மரம் கொஞ்சம் இருந்தால்கூட அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும் என்று விரல் பருமன் பிட்டை மாட்டி, அதே முதல் துளையை அந்தப் பக்கம் வரை துளைத்தேன். துளை வழியே பெட்டியின் இருட்டு தெரிந்தது. மதியம் வரை காவல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

இரண்டு பத்துக்குச் சொட்டு வந்தது.

"அடைச்சு பெயின்ட் அடிச்சுடு" என்றார். "யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல?"

"நாளைக்கு பத்து மணிக்கு அந்த ஆள் வந்துடுவாரு. புரியுதா இல்லையா உனக்கு?"

"நடுக்கடல்ல என்ஜின் பலகையோட பிச்சுக்கிட்டுப் போகட்டும். அப்ப கேளுங்க யாருக்குத் தெரியும்னு."

அவர் கருவிப் பெட்டியின் மூடியைப் படாரென்று சாத்தினார். அதற்குப்பின் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கே போனார் என்றும் பார்க்கவில்லை. எங்கேயோ போய்த் தொலையட்டும் என்று பலகைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

மணி இரண்டு முப்பத்தொன்று.

துளைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். என் மூக்குக்கண்ணாடியின் இடது பக்கம் மட்டும் பனித்தது.

பின்னால் நகர்ந்தேன். தெளிந்தது.

கிட்டே போனேன். பனித்தது. தெளிந்தது. மறுபடியும் பனித்தது… அந்த வெயிலில்.

நான் இப்போது அசையவே இல்லை. கண்ணாடி தானாகவே பனித்து, தானாகவே தெளிந்தது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நொடிக்கு ஒருமுறை.

'உள்ளே காற்று ஏதோ சுத்துகிறது' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். ஒரு துண்டு டேப்பைக் கிழித்துத் துளையின் மேல் ஒட்டினேன்.

டேப் மெல்ல உப்பியது.

பிறகு உள்ளே குழிந்தது.

உப்பியது. குழிந்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. பெட்டிக்குள்ளிருந்து. பலகையின் மறுபக்கம்.

டொக்… டொக் டொக்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து என்னை வெறுப்பேற்றுகிறார்! துளை வழியாக ஊதி விளையாட்டு வேறு!

டொக்… டொக் டொக்.

"போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

நின்றது.

டேப்பைப் பிய்த்து எறிந்தேன். அவர் துணி எதையாவது வைத்து அடைத்திருக்கிறாரா பார்ப்போம் என்று சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டேன். பலகையின் தடிமன் முழுக்க ஈரம். விரல் நுனி அந்தப் பக்கம் எட்டுகிற இடத்தில்…

மிருதுவாக ஏதோ இருந்தது.

சூடாக.

அழுத்தினேன்.

அது திருப்பி அழுத்தியது.

"யார்கிட்ட பேசிக்கிட்டிருக்க?"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. கொட்டகை வாசலில் என் வீட்டுக்காரர். இரண்டு கையிலும் இரண்டு டீ.

விரலை எப்படி வெளியே எடுத்தேன் என்று தெரியவில்லை. நகத்தோரம் உரிந்து ரத்தம் வந்தது. படகைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீயைத் தரையில் வைத்துவிட்டு, ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுமில்லையே. சிலந்தி வலைகூட அப்படியே இருக்கு" என்றார்.

துளையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மீட்டரை வைத்தேன். ஆறு.

டேப் உப்பிக் குழிந்ததையும் தட்டுகிற சத்தம் கேட்டதையும் அவரிடம் சொன்னேன். விரல் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் நடந்தது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. அவர் உப்புத்தாளை எடுத்துத் துளையைச் சுற்றிப் பெயின்டைத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க ஒரு வளையம் தெரிந்தது. பழைய பசையின் மஞ்சள் வளையம். அங்கே முன்பே யாரோ ஒரு துளை போட்டு, மரக்கட்டை அடித்து, மூடியிருக்கிறார்கள். இத்தனை பெரிய பலகையில் நான் சரியாக அதன் நடுவில் துளைத்திருக்கிறேன்.

"நாளைக்கு வர வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்றார் அவர், மெதுவாக.

"என்னன்னு சொல்லுவீங்க? பலகை மூச்சு விடுதுன்னா?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மற்ற துளைகளை அடைத்தோம். அதை மட்டும் மூடவில்லை. மறைத்துக் கையெழுத்து வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்குமேல் கட்டை வைத்து அடிக்க எனக்குக் கை வரவும் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். கறாரான ஆள், ஆனால் கெட்ட ஆள் இல்லை. விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். மிதவைச் சட்டைகளை எண்ணினார். என் ஒயர் வேலையைப் பார்த்து, "சுத்தமா இருக்கும்மா" என்றார். பிறகு பின்பக்கம் வந்தார்.

துளையைப் பார்த்தார். எதற்காக என்று கேட்கவில்லை. குனிந்து அந்த மஞ்சள் வளையத்தை ஒரு விரலால் சுற்றித் தடவினார். படகின் பக்கவாட்டில் பெயின்டை நகத்தால் சுரண்டி, அடியில் இருந்த படகின் பழைய பதிவு எண்ணைப் படித்தார். திரும்பி வந்து தாளில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார்.

அனுமதி இல்லை. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல். ஈரம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், மீட்டர் இந்தாங்க, நீங்களே வச்சுப் பாருங்க. ஆறுக்கு மேல காட்டினா இந்தத் தொழிலையே விட்டுடறேன். எங்க இருக்கு ஈரம்?"

அவர் மீட்டரை வாங்கவில்லை. என் சுண்டுவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"விரலை உள்ள விட்டீங்களா?" என்றார்.

நான் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆய்வாளர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி நான் மீட்புப் படகுல வேலை பார்த்தேன். புது ஆள். இந்தப் படகு கவிழ்ந்து, என்ஜின் கழண்டு விழுந்து, பின்பக்கம் மட்டும் வெளிய தெரிய மிதந்துக்கிட்டிருந்துச்சு. ரெண்டு நாள் தேடித்தான் கண்டுபிடிச்சோம். கிட்ட போனா உள்ளேர்ந்து தட்டுற சத்தம். மூச்சு விடட்டும்னு அவசரப்பட்டு இந்தப் பின்பலகையில, இதே இடத்துல ஓட்டை போட்டேன். உள்ள இருக்கற காத்துதான் படகைத் தூக்கிப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியல. புஸ்ஸுனு காத்து வெளிய வந்துச்சு. படகு இறங்க ஆரம்பிச்சுடுச்சு. கட்டைவிரலை வச்சு அழுத்தினேன். அப்ப உள்ளேர்ந்து ஒரு விரல் வந்து என் விரலைத் தொட்டுச்சு. சூடா இருந்துச்சு. நான் கையை எடுத்தேன். அந்த விரல் ஓட்டையை அடைச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு. முழுகற டைவர் வர்றதுக்கு ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டே இருந்தேன். பயப்படாதீங்க, வந்துட்டாங்க, வந்துட்டாங்கன்னு."

"பொழைச்சாரா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

ஆய்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"அந்தப் படகுல போனது ஒரே ஒரு ஆள்தான். தனியா போனவரு. டைவர் அவரை முன்பக்க அறையிலதான் கண்டுபிடிச்சாரு. சாமானெல்லாம் சரிஞ்சு கதவு அடைச்சுக்கிட்டிருந்துச்சு. டாக்டர் பாத்துட்டு, கவிழ்ந்த அன்னிக்கே உயிர் போயிடுச்சுன்னாரு."

வெல்டரின் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

"பின்பக்கம்…" என்றேன் நான்.

"பின்பக்கம் யாருமே இல்லம்மா."