வால்பாறைக்கு ஒரு ஸ்பெஷல் கிளாஸ்

போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை வால்பாறை போய் வந்தேன். அங்கே எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருப்பவரை அக்கா காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அப்பா அவள் பெயரைச் சொன்னதில்லை. எங்களையும் சொல்ல விட்டதில்லை. அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம். என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆறு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

கோவையில் எங்கள் வீடு இருக்கும் கணபதியிலிருந்து உக்கடம், அங்கிருந்து பொள்ளாச்சி. பொள்ளாச்சியில் எட்டரை மணி பஸ் பிடித்தேன். அறுபத்து நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரம் ஆகும். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. எனக்குப் பதினொன்றிலேயே வாந்தி. முன்பக்கம் உட்காருங்கள்.

பேர்தான் நகராட்சி, டவுன் என்பது ஒரே கடைவீதி. அதைத் தாண்டினால் தேயிலை, நடுநடுவே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். அரிசி வாசத்துக்கு யானை சுவரை இடித்துவிடுமாம். அதனால் அரிசியை எங்கே வைப்பது என்பதுகூட அங்கே யானையை நினைத்துத்தான். அக்கா ரசம் சாதம் போட்டாள், என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம்தான் இருந்தேன். கிளம்பும்போது தேயிலைத்தூள் பொட்டலம் ஒன்றைப் பையில் திணித்தாள்.

"நான் குடுத்தேன்னு சொல்லாத. சும்மா டீத்தூள் டப்பாவுல கொட்டிப்போடு."

திரும்பும் வழியில் பஸ் நின்றது. முன்னால் குட்டியோடு யானைக்கூட்டம். டிரைவர் இன்ஜினை அணைத்தார். யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் போனை எடுத்து, "யானை நிக்குதுங்க, லேட்டாகும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டார்கள். கண்டக்டர் என்னிடம் குனிந்தார்.

"ஊட்டுக்குச் சொல்லீட்டீங்களா கண்ணு? யானைன்னா யாரும் திட்ட மாட்டாங்க."

கணபதியில் ஸ்பெஷல் கிளாஸ் போன பெண்ணை எந்த யானை மறிக்கும்? இரண்டு மணி நேரம் போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது எட்டு மணி. அப்பா வாசல் கேட் அருகே நின்றிருந்தார். என்னையும் பையையும் பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது அடியை விடப் பயமாக இருந்தது. யாரும் பார்க்காதபோது தூளை டப்பாவில் கொட்டினேன்.

காலையில் அம்மா டீ போட்டாள். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போனதும் கேட்டார்.

"அங்க குளுரு சாஸ்திங்களா அம்மணி?"

தலையை மட்டும் ஆட்டினேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு, பொள்ளாச்சியில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். பட்டறை வேலைக்குப் போய்விட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரும்பி வர இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தேயிலைத்தூளைப் பள்ளிப் பையில் போடாதீர்கள், அந்த வாசம் இன்னும் என் புத்தகங்களில் இருக்கிறது. கம்பளி கட்டாயம் வேண்டும்.

எங்கள் அலமாரி மேல் இன்றைக்குப் புதுக் கம்பளி ஒன்று, கடைப் பையோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. சின்னது, தொட்டில் அளவுக்குத்தான் காணும். யாருக்கென்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அப்பா மனது மாறிவிடுவாரோ என்று பயம். அப்பாவுக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளுமா, தெரியவில்லை. முன்பக்கமே உட்கார வைக்க வேண்டும்.