நூலுக்குப் போர்த்திய துண்டு

சண்டைக் காலம். தறிக்கு நூல் கிடைப்பதே பெரும்பாடு. செவ்வாய்ப்பேட்டையில் காலையிலிருந்து காத்துக்கிடந்து, ஒரு கட்டுச் சிவப்பு நூலுடன் உச்சிப்பொழுதில் கொண்டலாம்பட்டிக்கு நடந்தேன். கத்திரி வெயிலில் சாயம் வெளுத்துவிடுமே என்று தலைத்துண்டை அவிழ்த்து நூலுக்குப் போர்த்தினேன்.

புளியமரத்தடியில் மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுத்திருந்த வண்டிக்காரர், "ஏனுங்க, வெயில் தாழப் போலாமுங்க, உக்காருங்க" என்றார்.

"தறி சும்மா கெடக்குதுங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் சாலை ஏரியாகிவிட்டது. அதற்குள் எங்கள் தெருப் பெண்கள் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு இழைகள் தண்ணீருக்கடியில் நீளநீளமாக ஆடின. இவர்களுக்கு மட்டும் இவ்வளவு நூல் எங்கே கிடைத்தது என்று எரிச்சல்கூட வந்தது. வியர்வை எப்போதோ நின்றுபோயிருந்தது. எனக்குக் குளிர்ந்தது.

வீட்டு வாசலில் விழுந்தது நினைவில்லை. கண் திறந்தபோது தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தேன். இழை அறாமலிருக்க, கோடையில் அந்தக் குழி மண்ணை நனைத்தே வைத்திருப்போம். உள்ளங்காலிலிருந்து ஓர் ஆறு மெல்ல மேலேறி வந்தது. மனைவி ஈரத்துணியால் என் கழுத்தை ஒற்றி, உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

"நூலு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. அது வெளுத்தா மறுபடி சாயத்துல முக்கிக்கலாம். உங்களை எதுல முக்கறது?"