நான்காம் வரிசை, ஐந்தாம் எண்

நூற்றுப்பத்து வருஷத்துக் கல்லறைத் தோட்டம் அது. அதன் பதிவேட்டை அக்குளை விட்டு இறக்காததால் காவலருக்கு 'ரிஜிஸ்டர்' என்றே பேர் நிலைத்துவிட்டது. யாரைக் கேட்டாலும் நேராகப் போய்க் குழியருகே நிற்பார். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்ற மிதப்பு கொஞ்சம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறென்ன சம்பாதித்தார் பாவம்.

ஞாயிறு தவறாமல் கணவருக்குப் பூ வைக்க வரும் தையல்காரம்மா ஒரு நாள் கேட்டார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நான் உக்காருற இடம் காலியாத்தானே கெடக்கு? அதை எம்பேருக்கு எழுதி வெச்சிடுங்க. வேற யாராச்சும் புகுந்துடப் போறாங்க."

"அதுக்கென்னம்மா" என்று பதிவேட்டைப் பிரித்து, சுவரிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தவருக்கு முகம் செத்துப்போனது. அம்மா உட்காரும் இடம்தான் ஐந்தாம் எண். அதில் இருந்தது அவருடைய கணவரின் பேர்.

முதல் காவலர் வைத்த வழக்கம் ஒன்று அங்கே உண்டு. கைக்குழந்தைகளின் குழிக்கு எண் கிடையாது. பெற்றவளுக்கு வழிகாட்ட எண் எதற்கு என்பது அவர் கட்சி. நான்காம் வரிசை, கல் வைக்க வசதியில்லாதவர்களின் வரிசை. மரக்குறிகளும் மக்கிப்போனதால் எண்ணித்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்பிய அம்மா, தான் இல்லாதபோது அடக்கமான கணவரைத் தேடி வந்தபோது, ரிஜிஸ்டர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். நடுவிலிருந்த குழந்தை மேட்டையும் சேர்த்து எண்ணி, ஒரு குழி முன்னதாகவே நின்று தொலைத்திருக்கிறார்.

"பார்க்கிறேம்மா" என்று மழுப்பி அனுப்பினார். ஒரு வாரம் சுவரிலிருந்து திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். வாயைத் திறக்காவிட்டால் அம்மா நிம்மதியாக இருப்பார். ஆனால் நாளை அந்த அம்மாவே கண்ணை மூடினால் எங்கே வைப்பது?

அடுத்த ஞாயிறு சொல்லிவிட்டார்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. நீங்க பூ வெக்கிறது ஒரு பூட்டு ரிப்பேர்காரருக்கு. உங்க வீட்டுக்காரர்..." கை, மேடு அமுங்கிப்போன புல்லைக் காட்டியது.

"நான் உக்காந்திருக்கேனே, இங்கயா?"

"ஆமாம்மா."

அம்மா சற்று நகர்ந்து, உட்கார்ந்திருந்த புல்லைத் தடவிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது ரிஜிஸ்டருக்கு.

"கோவக்கார மனுஷன் தம்பி. பூவெல்லாம் பக்கத்து ஆளுக்கு, பாரம் மட்டும் இவருக்கு. எப்படித்தான் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தாரோ!" சிரிக்கப்போய் அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவருக்கு அந்தப் பக்கம் எடம் இருக்கா?" என்றார்.

"நிறைஞ்சிடுச்சும்மா. ஆனா இவ்வளவு வருஷம் ஆன குழியில, சொந்தக்காரங்கன்னா மேலயே இன்னொருத்தரை வெக்கலாம்."

"அப்ப இங்கயே எழுதுங்க. இத்தனை வருஷம் உக்காந்தாச்சு, இனி படுக்கறதுக்கு என்ன?"